ஐந்து கிராம்

அமெரிக்க விசா ஃபார்மில் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் போதைப்பொருளுக்கு அடிமையா, எப்போதாவது அப்படி இருந்திருக்கிறீர்களா என்று கேட்கும். அக்கம்பக்கத்திலேயே நீங்கள் தீவிரவாதியா, இனப்படுகொலையில் பங்கெடுத்தவரா என்ற கேள்விகளும் இருக்கும். நம் ஊர் ட்ராவல் ஏஜென்ட் முதல் கம்பெனி வக்கீல் வரை சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: எல்லாத்துக்கும் ‘நோ’ போடுங்க சார். நாமும் மளமளவென்று ‘நோ’ தட்டிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவோம். யாரும் அந்தக் கேள்வியைப் படிப்பதில்லை.

நான் அதைப் படித்தது இங்கே வந்து ஆறு வருடம் கழித்து, க்ரீன் கார்டு வரிசையில் நிற்கும்போதுதான். நான் இருப்பது சியாட்டலுக்குப் பக்கத்தில். வாஷிங்டன் மாநிலத்தில் 2012இல் வாக்கெடுப்பு நடத்திக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். 2014 ஜூலையில் கடைகள் திறந்தன. கஞ்சாக் கடை என்றதும் எனக்கு மனதில் வந்த படம் வேறு. இங்கே அது நகைக்கடை மாதிரி இருக்கிறது. கண்ணாடி அலமாரி, பளிச்சென்ற விளக்கு, பொறுமையாக விளக்கம் சொல்லும் ஊழியர். மாநில அரசுக்கு வரி போகிறது. என் மேனேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் முடியும்போது, வாரக்கடைசிக்கு வாங்கி வைத்திருக்கும் கஞ்சா மிட்டாயைப் பற்றி மாம்பழ சீசனைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

ஒருநாள் மதியம் ஒரு வக்கீல் எங்களை, அதாவது விசாவில் இருப்பவர்களை மட்டும், ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசினார். ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். குடியேற்றம் ஃபெடரல் விஷயம். கைதே ஆகாவிட்டாலும், ஓர் அதிகாரி கேட்கும்போது ‘ஒருமுறை போட்டுப் பார்த்தேன்’ என்று ஒப்புக்கொண்டாலே போதும், கதவு மூடிக்கொள்ளலாம். அந்தக் கடையில் கணக்கு எழுதுகிற வேலைக்குக்கூடப் போகக் கூடாது. 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறையே இதை எழுத்தில் கொடுத்தது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’ இதனால் அடிபடலாம். அறையில் இருந்த ஒருவர் ‘கடை வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கலாமா?’ என்று கேட்டார். வக்கீல் சிரிக்கவில்லை.

ஆக, ஒரே கடை. என் மேனேஜர் போனால் வார இறுதி. நான் போனால் நாடுகடத்தலுக்கு ஒரு காரணம். இங்கேயே பிறந்த என் மகள் நாளை காலேஜில் ஏதாவது செய்தால் அது ‘எக்ஸ்பெரிமென்ட்’. அந்தச் சொல் இங்கே எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது தெரியுமா! 1987இல் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த டக்ளஸ் கின்ஸ்பர்க், கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டதால் விலக வேண்டியிருந்தது. நாலே வருடத்தில், 1991இல், க்ளாரன்ஸ் தாமஸ் அதையே ஒப்புக்கொண்டு அதே நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார். 1992இல் பில் க்ளின்டன், புகைத்தேன், ஆனால் உள்ளே இழுக்கவில்லை என்றார். ஒபாமா தன் புத்தகத்திலேயே கஞ்சாவையும் கொஞ்சம் கோகெய்னையும் எழுதிவைத்தார். கமலா ஹாரிஸ் 2019இல் ஒரு வானொலிப் பேட்டியில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் சான் ஃப்ரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது அதே கஞ்சாவுக்காக அவர் அலுவலகம் தண்டனை வாங்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். (துளசேந்திரபுரம் கோயிலில் அவருக்காக அபிஷேகம் நடந்த நாட்களில் இதை எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டுப் பார்த்தேன். ஒருத்தர்கூடக் கட்டைவிரல் தூக்கவில்லை.)

இதெல்லாம் எனக்குச் சின்ன எரிச்சல்தான். எனக்குக் கஞ்சா வேண்டாம், ஃபில்டர் காபி போதும். ஆனால் அந்த எரிச்சலில்தான் அமெரிக்காவின் போதைச் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே சின்னதாக எதுவும் இல்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்போம் அல்லவா. அமெரிக்க நாடாளுமன்றம் 1986இல் இரண்டு குடத்துக்கும் எடை போட்டு, எண்ணாகவே சட்டத்தில் எழுதிவிட்டது.

கோகெய்ன் இரண்டு உருவத்தில் விற்கும். ஒன்று பொடி. இன்னொன்று, அந்தப் பொடியைச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கிய க்ராக். மருந்து ஒன்றே. புகையாக உள்ளே போவதால் க்ராக் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். பொடி விலை அதிகம். வால் ஸ்ட்ரீட், ஹாலிவுட் பார்ட்டிகளின் சரக்கு. க்ராக்கைச் சில டாலருக்குச் சின்னக் கட்டியாக வாங்கலாம். அதனால் ஏழைகளின் தெருவுக்கு வந்தது. 1986 சட்டப்படி 500 கிராம் பொடியோடு பிடிபட்ட வியாபாரிக்குக் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு. க்ராக் என்றால் அதே ஐந்து ஆண்டுக்கு 5 கிராம் போதும். ஒரு தேக்கரண்டி சர்க்கரை கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். பத்து ஆண்டுக்கு, பொடி 5 கிலோ, க்ராக் 50 கிராம். நூறுக்கு ஒன்று. இரண்டு வருடம் கழித்து, விற்கக்கூட வேண்டாம், 5 கிராமுக்கு மேல் க்ராக் கையில் இருந்தாலே ஐந்து ஆண்டு என்று சேர்த்தார்கள். முதல்முறையாகப் பொடி வைத்திருந்து பிடிபட்டவருக்கு உச்சபட்சமே ஓராண்டு.

இந்தச் சட்டம் வந்த வேகத்துக்கு ஒரு மரணம் காரணம். லென் பயாஸ் என்று மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கூடைப்பந்து வீரர். 22 வயது. 1986 ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 19ஆம் தேதி காலை கோகெய்னால் இதயம் நின்று இறந்துபோனார். நாடாளுமன்ற சபாநாயகர் டிப் ஓ’நீல் பாஸ்டன் பக்கத்து ஆள், நவம்பரில் தேர்தல். இரண்டு கட்சிகளும் யார் அதிகக் கடுமை என்று போட்டி போட்டன. அக்டோபர் 27இல் ரீகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். பயாஸ் எடுத்துக்கொண்டது பொடி. பேசப்பட்டது என்னவோ க்ராக்.

அப்போது அதை எழுதியவர்களில் ஒருவர் ஜோ பைடன். ஆதரித்தவர்களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் சார்லஸ் ரேஞ்சலும் உண்டு. தன் தொகுதித் தெருக்களில் க்ராக் என்ன செய்கிறது என்று தினம் பார்த்தவர் அவர். அதனால் ‘வெள்ளைக்காரன் சதி’ என்று ஒரே வரியில் இதை முடித்துவிட நான் தயாரில்லை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கணக்கு யாருக்கும் மறைவாக இல்லை. பயன்படுத்துபவர்களில் வெள்ளையர்தான் அதிகம் என்று அரசு எடுத்த கணக்கெடுப்புகளே சொன்னன. ஃபெடரல் நீதிமன்றத்தில் க்ராக்குக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். 1995இல் தண்டனை ஆணையம் என்ற அரசு அமைப்பே, இரண்டையும் சமமாக்குங்கள் என்று பரிந்துரை அனுப்பியது. நாடாளுமன்றம் நிராகரித்தது. நிராகரிப்பில் கையெழுத்திட்டவர் க்ளின்டன்.

அவருடைய தம்பி ராஜர் 1985இல் கோகெய்ன் விற்ற வழக்கில் சிறைக்குப் போனவர். அப்போது ஆர்கன்ஸா ஆளுநராக இருந்த அண்ணன், போலீஸ் வலை விரிப்பது தெரிந்தும் தடுக்கவில்லை. அதை நான் மதிக்கிறேன். ராஜர் ஓராண்டுக்குச் சற்று அதிகமாக உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து பாட்டுப் பாடினார், படங்களில் தலைகாட்டினார். 2001 ஜனவரி 20, பதவியின் கடைசி நாள், அண்ணன் தம்பிக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மேரிலாண்ட்காரர், கறுப்பினத்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இரண்டு பேரும் ஒரே ஆன்கால் சுழற்சி. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து, அது எழுந்து உட்காரும் வரை காத்திருக்கும் நேரத்தில் மனிதர்கள் நிறையப் பேசிவிடுவார்கள். அப்படி ஓர் இரவில் லென் பயாஸ் பேச்சு வந்தது. நான் படித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: ‘பயாஸ் செத்த அன்னிக்கு எங்க அண்ணன் நாள் பூரா அழுதான். எனக்குப் பதினொரு வயசு, அவனுக்குப் பதினெட்டு. ஆறு வருஷம் கழிச்சு பயாஸ் பேரச் சொல்லிக் கொண்டுவந்த சட்டத்துலயே உள்ள போனான்.’

62 கிராம் க்ராக். முதல் வழக்கு. ஐம்பதைத் தாண்டியதால் பத்து ஆண்டு. நீதிபதி இரக்கப்பட்டாராம், ஆனால் சட்டம் அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது. குறைந்தபட்சம் என்றால் குறைந்தபட்சம். எட்டரை வருடம் இருந்துவிட்டு வந்தார். 62 கிராம் என்பது நாம் குளிக்கிற சோப்புக் கட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பொடியாக இருந்திருந்தால் அந்தப் பத்து ஆண்டுக்கு அவர் 5 கிலோ வைத்திருக்க வேண்டும்.

இதற்கு இணையாக இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1996இல் பர்டூ ஃபார்மா ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அபின் வகை. மற்றவற்றைவிட இதில் அடிமையாகும் ஆபத்து குறைவு என்று விற்பனைப் பிரதிநிதிகள் டாக்டர்களிடம் சொன்னார்கள். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, மெய்ன் மாதிரியான இடங்களில், சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்களும் மரம் வெட்டித் தோள் பிசகியவர்களும் டாக்டர் சீட்டோடு வாங்கிச் சாப்பிட்டார்கள். 2007இல் வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிமன்றத்தில், இந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்றோம் என்று அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவும் மூன்று உயர் அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அபராதம் எல்லாம் சேர்த்து சுமார் 634 மில்லியன் டாலர். சிறை? அதிகாரிகள் மூவருக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும். நிறுவனத்தை வைத்திருந்த சாக்லர் குடும்பத்தில் யார் மீதும் இன்றுவரை கிரிமினல் வழக்கு கிடையாது. 2020இல் நிறுவனம் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அப்போதும் எந்த மனிதரும் சிறைக்குப் போகவில்லை.

மாத்திரை கிடைக்காதபோது ஹெராயின், பிறகு ஃபென்டனில். 2021இல் ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அளவுமீறிய போதையால் செத்தார்கள். இந்த அலையின் முதல் கட்டத்தில் செத்தவர்களில் பெரும்பான்மை வெள்ளையர். அப்போதுதான் பேச்சு மாறியது. 2015, 2016 தேர்தல் பிரச்சாரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மேடைகளில் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். கார்லி ஃபியோரினா, போதைக்குப் பலியான வளர்ப்பு மகளைப் பற்றி. ஜெப் புஷ், மீண்டு வந்த தன் மகளைப் பற்றி. நியூ ஜெர்ஸி ஆளுநர் க்ரிஸ் க்ரிஸ்டி தன் அம்மாவைப் பற்றி: சிகரெட் பிடித்து நுரையீரல் புற்றுநோய் வந்தபோது, உனக்கு வேண்டியதுதான் என்று யாரும் சொல்லவில்லையே, போதைக்கு அடிமையானவனை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்? அந்த வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது.

மேரிலாண்ட்காரரிடம் அதைக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். ‘நடிக்கல, நிஜமாத்தான் சொல்றான்’ என்றார். ‘அதான் கஷ்டமா இருக்கு. பொய்யா இருந்தாத் திட்டிட்டுப் போயிடலாம்.’

அந்த வாக்கியத்தை நான் பலநாள் சுமந்தேன். இரட்டை வேடம் என்று நாம் சொல்லும்போது முகமூடி போட்ட ஒருவனைக் கற்பனை செய்கிறோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தினமும் ஒரு கட்சி இன்னொரு கட்சியின் முகமூடியைக் கிழித்துக்கொண்டிருக்கிறது, பழைய வீடியோவையும் புதிய வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு. அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் இங்கே முகமூடியே கிடையாது. 1986இல் இருந்த கோபம் உண்மையான கோபம், 2016இல் இருந்த கண்ணீர் உண்மையான கண்ணீர். தெரிந்த முகத்துக்குத்தான் கண்ணீர் வந்தது.

நம் ஆட்களிடமும் பார்த்திருக்கிறேன். ஒரு பொங்கல் விருந்து. எங்களுக்கெல்லாம் மூத்தவரான ஓர் அண்ணன் வீடு. அவர் பையன் காலேஜில் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்திருந்தான். எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார், ‘அவனுக்குக் கொஞ்சம் ஸ்ட்ரெஸ், ஒரு செமஸ்டர் லீவ் எடுத்திருக்கான்.’ சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும்போது யாரோ டிவியில் சியாட்டல் தெருவில் மடங்கிக் கிடப்பவர்களின் வீடியோவைப் போட்டார்கள். ‘இவனுங்கள எல்லாம் தூக்கி உள்ள போட்டாத்தான் ஊர் உருப்படும்’ என்றார் அண்ணன். பையன் மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைநிமிரவில்லை. அண்ணன் பொல்லாதவர் கிடையாது. அந்தப் பையனுக்காக வீட்டு மேல் இரண்டாவது கடன் வாங்கியவர்.

சட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2010இல் ஒபாமா காலத்தில் திருத்தினார்கள். சமமாக்கவில்லை, 100ஐ 18ஆகக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டுக்கு இப்போது 28 கிராம். ஏன் 18? வேதியியல் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. இரண்டு கட்சிக்கும் நடுவே பேரம் படிந்த இடம் அது. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. அதற்கு 2018வரை, ட்ரம்ப் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஓர் ஓட்டை. ப்ளோரிடாவில் 3.9 கிராமுக்காகப் பதினைந்து ஆண்டுக்கு மேல் தண்டனை வாங்கியவர் ஒருவர். இவ்வளவு குறைந்த அளவு வைத்திருந்தவர்களின் சட்டப்பிரிவு திருத்தப்படவே இல்லையே, அதனால் சலுகை கிடையாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தீர்ப்பளித்தது. பெரிய வியாபாரிகளுக்குச் சலுகை, சின்ன ஆளுக்கு இல்லை. தீர்ப்பை எழுதியவர் மேலே சொன்ன க்ளாரன்ஸ் தாமஸ். அதே ஆண்டு இரண்டையும் முற்றிலும் சமமாக்கும் மசோதா கீழவையில் 361க்கு 66 என்று நிறைவேறியது. செனட்டில் அப்படியே தேங்கிப்போனது.

பைடனுக்குத் திரும்பவும் வருகிறேன். 1986 சட்டம் தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார், 2007இலேயே சமமாக்க மசோதாவும் கொண்டுவந்தார். அவர் மகன் ஹன்டர் தன் க்ராக் பழக்கத்தைப் புத்தகமாக எழுதியவர். 2018இல் துப்பாக்கி வாங்கும்போது, போதைப்பொருள் பயன்படுத்துபவரா என்ற கேள்விக்கு ஃபார்மில் ‘இல்லை’ என்று போட்டதற்காக 2024 ஜூனில் டெலவேர் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. அந்த நாட்களில் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வாங்க எந்தத் தடையும் கூடாது என்பவர்கள் அந்த ஃபார்மின் புனிதத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒன்பது ஃபார்ம் வேண்டும் என்பவர்கள், இதற்கெல்லாம் யாராவது வழக்குப் போடுவார்களா என்று கேட்டார்கள். மன்னிப்பு தரமாட்டேன் என்று பலமுறை சொன்ன அப்பா, 2024 டிசம்பர் 1 அன்று தந்தார். என் மகனை மட்டும் குறிவைத்து அநியாயமாக நடத்திவிட்டார்கள் என்பது காரணம். அப்பாவாக எனக்குப் புரிகிறது. பதவியிலிருந்து இறங்க மூன்று நாள் இருக்கும்போது சுமார் 2,500 போதை வழக்குக் கைதிகளின் தண்டனையையும் குறைத்தார். க்ராக் கணக்கால் நீண்ட தண்டனை வாங்கியவர்கள் அதில் உண்டு. மகனுக்கு முதலில், மற்றவர்களுக்கு ஆறு வாரம் கழித்து.

அடுத்த டிசம்பர் 1. ஹாண்டுராஸ் நாட்டின் முன்னாள் அதிபர் ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸ் அமெரிக்கச் சிறையிலிருந்து வெளியே நடந்தார். 400 டன்னுக்கு மேல் கோகெய்ன் அமெரிக்காவுக்குள் வர உதவினார் என்று நியூயார்க்கில் நிரூபிக்கப்பட்டு, 45 ஆண்டு தண்டனை பெற்றவர். அவரைக் கடுமையாகவும் அநியாயமாகவும் நடத்திவிட்டார்கள் என்று ட்ரம்ப் மன்னித்தார். போதை வியாபாரிக்கு மரண தண்டனை வேண்டும் என்று 2018இல் அதே நியூ ஹாம்ப்ஷயரில் பேசியவர் அவர். மன்னித்த அந்த வாரத்திலும் கடலில், போதைப்பொருள் ஏற்றிவந்ததாகச் சொல்லிப் படகுகளைக் குண்டு வீசி அழிக்கும் நடவடிக்கை தொடர்ந்தது. செப்டம்பரிலிருந்து எண்பது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். ஒருவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. அவர்கள் பெயர்களைக்கூட அமெரிக்க அரசு சொல்லவில்லை.

செய்தி வந்த ராத்திரி மேரிலாண்ட்காரர் ஆன்காலில் இருந்தார். ‘நீதான் கணக்குப்புலி ஆச்சே, 400 டன்னை 62 கிராமால வகுத்துச் சொல்லு’ என்று மெசேஜ். 64 லட்சத்து 51 ஆயிரத்துச் சொச்சம் என்று அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, ‘மொத்தம் எத்தனை வருஷம் உள்ள இருந்தார்?’

2022 பிப்ரவரியில் கைதானதிலிருந்து எண்ணினால்கூட நாலு வருடம் ஆகவில்லை என்றேன்.

‘எங்க அண்ணன் எட்டரை’ என்று பதில் வந்தது. அதற்குக் கீழே அன்றைய எச்சரிக்கைப் பட்டியல். இரண்டாவது க்ளஸ்டரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டிருந்தது.